தைலர் வைரஸ் தாக்கிய சுண்டெலிக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (இனி எம்.எஸ்.) நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை உண்டா என்று தேடுபவர்கள் பலர், 1999-இல் 'பிளட்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் போய் நிற்கிறார்கள். தைலர் வைரஸால் மையலின் என்ற அந்த உறை சிதைந்த சுண்டெலிகளுக்கு மஜ்ஜை மாற்று (ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றும் சிகிச்சை) செய்தபோது நிறைய சுண்டெலிகள் இறந்துபோயின, மூளையிலும் தண்டுவடத்திலும் வைரஸ் பெருகிவிட்டது என்பது அதன் சாரம். அதே காலத்தில், வைரஸ் இல்லாத இன்னொரு வகைச் சுண்டெலி நோயில் இதே சிகிச்சை நன்றாக வேலை செய்தது. இந்த முரண்பாட்டைச் சுற்றி எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

மையலின் சிதைவு என்றால் என்ன?

நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் கலந்த ஓர் உறை இருக்கிறது. அதுதான் மையலின். மூளையிலும் தண்டுவடத்திலும் அதை உருவாக்குபவை ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல்கள். உறை இருக்கும்வரை நரம்புச் சமிக்ஞை வேகமாக ஓடும். உறை உரிந்த இடத்தில் சமிக்ஞை தடுமாறும், சில சமயம் நின்றே போகும். நடை தள்ளாடுவது, கால் விறைப்பது, பார்வை மங்குவது, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது எல்லாம் இதனால் வருபவை. உறை மறுபடி உருவாகலாம். ஆனால் உள்ளே இருக்கும் நரம்பு இழையே அறுந்துவிட்டால் அது திரும்பாது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

தைலர் வைரஸ் எங்கிருந்து வந்தது?

மேக்ஸ் தைலர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். நியூயார்க்கில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உருவாக்கியதற்காக 1951-இல் நோபல் பரிசு வாங்கியவர். அங்கே மஞ்சள் காய்ச்சல் வேலைக்கு ஏராளமான சுண்டெலிகளை வைத்திருந்தார்கள். அவற்றில் எப்போதாவது ஒன்றுக்குப் பின்கால்கள் செயலிழந்து போவதைத் தைலர் கவனித்தார். போலியோ போல இருக்கிறதே என்று தோண்டிப் பார்த்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். 1934-இல் முதல் அறிக்கை, 1937-இல் விரிவான கட்டுரை.

போலியோ வைரஸ் இருக்கும் பிகோர்னா குடும்பத்திலேயே கார்டியோ வைரஸ் என்ற கிளையில் இது இருக்கிறது. இயல்பாகச் சுண்டெலிகளின் குடலில் வாழ்ந்து, கழிவு வழியாகப் பரவும். அபூர்வமாகத்தான் நரம்பு மண்டலத்துக்குள் நுழையும். ஆய்வகத்தில் நேரடியாக மூளைக்குள் ஊசி போட்டுச் செலுத்துகிறார்கள்.

இதில் இரண்டு கூட்டம் உண்டு. ஜி.டி.VII என்ற வகை கொடூரமானது. சில நாட்களிலேயே மூளை அழற்சியால் சுண்டெலியைக் கொன்றுவிடும். டி.ஏ., பி.ஏ.என். ஆகிய வகைகள் மெதுவானவை. பி.ஏ.என். பிரேசிலில் கிடைத்தது. மையலின் சிதைவு ஆய்வுக்குப் பயன்படுவது இந்த மெதுவான வகைகள்தான். கொல்லும் வகை விரைவில் கொன்றுவிடுவதால் மையலின் சிதைய நேரமே கிடைப்பதில்லை.

நோய் எப்படிப் போகிறது?

இரண்டு கட்டம். 1975-இல் ஹோவர்ட் லிப்டன் இதைத் தெளிவாக விவரித்தார். முதலில் சில வாரங்கள் மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் அழற்சி. பல சுண்டெலிகளில் அது கண்ணுக்குத் தெரியாமலே கடந்துவிடும். அப்புறம் வைரஸ் தண்டுவடத்தின் வெள்ளைப் பகுதிக்குப் போய்த் தங்கிவிடுகிறது. எஸ்.ஜே.எல். இனச் சுண்டெலியில் தொற்று ஏற்பட்டு ஒரு மாதத்துக்குப் பின் நடை அசைந்தாடத் தொடங்கும். பிறகு பின்கால்கள் விறைத்து, படிப்படியாக மோசமாகும். எம்.எஸ். போலத் தணிந்து தணிந்து வருவதில்லை. தொடர்ந்து கீழே இறங்கும் நோய் இது.

மையலினை அழிப்பது வைரஸா, உடலின் எதிர்ப்புச் சக்தியா?

இரண்டும். ஆனால் எந்த விகிதத்தில், எந்த வரிசையில் என்பதுதான் ஐம்பது வருட விவாதம்.

வைரஸ் மாக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும் செல்), மைக்ரோகிளியா (மூளையின் சொந்தக் காவல் செல்), ஒலிகோடென்ட்ரோசைட் ஆகிய செல்களில் குறைந்த அளவில் தொடர்ந்து உயிரோடு இருக்கிறது. உடலின் எதிர்ப்பை ஏமாற்ற அதனிடம் கருவிகள் உண்டு. எல் என்ற சிறு புரதம், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரானின் உற்பத்தியைக் கெடுக்கிறது. எல்-ஸ்டார் என்ற இன்னொரு புரதம், வைரஸின் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ்-எல் என்ற நொதியைத் தடுக்கிறது. இப்படி ஒளிந்திருக்கும் வைரஸை விரட்ட டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் திரும்பத் திரும்ப வந்து சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையில் மையலின் சேதமடைகிறது.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் சுவாரசியமானது. சிதைந்த மையலின் துண்டுகளை மாக்ரோபேஜ்கள் விழுங்கி டி செல்களிடம் காட்டுகின்றன. தொற்றுக்குச் சுமார் 50 நாட்களுக்குப் பின், மையலின் புரதத்தையே குறிவைக்கும் டி செல்கள் தோன்றுகின்றன. முதலில் பி.எல்.பி. என்ற புரதத்தின் ஒரு துண்டுக்கு எதிராக, பிறகு மற்றத் துண்டுகளுக்கு எதிராக. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழு 1997-இல் இதை நிறுவியது. அதாவது, வைரஸ் தொடங்கிவைக்கும் நோய் பிறகு தன்னுடல் தாக்கும் நோயாகவும் விரிகிறது. எம்.எஸ். ஆய்வாளர்கள் இந்தச் சுண்டெலியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். எம்.எஸ்.ஸும் இப்படித் தொடங்கியிருக்கலாமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு எப்போதும் உண்டு.

எல்லாச் சுண்டெலிக்கும் இந்த நோய் வருமா?

வராது. எஸ்.ஜே.எல். இனத்துக்கு வரும். சி57 கறுப்புச் சுண்டெலிக்கு வராது, அது சில வாரங்களில் வைரஸைத் துடைத்துவிடும். பெரிய வேறுபாடு 17-ஆவது குரோமோசோமில் உள்ள எச்-2டி என்ற மரபணுவில் இருக்கிறது. கிருமியின் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் புரதத்தைத் தருவது அது, மனிதர்களின் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு இணையானது. கறுப்புச் சுண்டெலியின் எச்-2டி, வைரஸின் வி.பி.2 புரதத்தின் ஒரு சிறு துண்டை மிக நன்றாகப் பிடித்துக் காட்டுகிறது. தொற்று ஏற்பட்ட ஒரு வாரத்தில் மூளைக்குள் வரும் சிடி8 டி செல்களில் (தொற்றிய செல்களைக் கொல்லும் வகை) பாதியோ அதற்கு மேலோ அந்த ஒரே துண்டைத்தான் தேடுகின்றன. எஸ்.ஜே.எல். சுண்டெலிக்கு அவ்வளவு கூர்மையான ஆயுதம் இல்லை.

இதற்கு அர்த்தம், நல்ல டி செல் பதில் இருந்தால் நோயே வராது என்பது. மஜ்ஜை மாற்று பற்றி யோசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று எப்படிச் செய்கிறார்கள்?

மனிதர்களுக்குச் செய்வதைவிட எளிது. முதலில் உடல் முழுக்க கதிர்வீச்சு, பொதுவாக 9 முதல் 11 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை. சில ஆய்வுகளில் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்து. இதனால் ரத்தம் உருவாக்கும் செல்களும் பெரும்பாலான நோய் எதிர்ப்புச் செல்களும் அழிந்துவிடும். அப்படியே விட்டால் இரண்டு வாரத்துக்குள் சுண்டெலி இறந்துவிடும். தானமளிக்கும் சுண்டெலியின் தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் எடுத்து, சிரிஞ்சால் திரவத்தைச் செலுத்தி மஜ்ஜையை வெளியே தள்ளுவார்கள். சில லட்சம் முதல் கோடி வரை செல்களை வாலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் போதும், ஸ்டெம் செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறும். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை.

ஆய்வகச் சுண்டெலிகள் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஒரே இனத்தின் இரு சுண்டெலிகள் மரபணுவில் இரட்டைப் பிறவிகள் மாதிரி. அதனால் ஒரு எஸ்.ஜே.எல். சுண்டெலியின் மஜ்ஜையை இன்னொரு எஸ்.ஜே.எல்.லுக்கு வைத்தால் உடல் நிராகரிக்காது. மனிதர்களில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்பச் செலுத்தும் முறைக்கு இது ஏறக்குறைய இணை. முழுக்க இணை என்று சொல்ல முடியாது. மனிதரின் சொந்தச் செல்களோடு நோயை உண்டாக்கிய டி செல்களும் கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. சுண்டெலியில் மஜ்ஜை வருவது நோயே இல்லாத ஆரோக்கியமான இன்னொரு விலங்கிடமிருந்து.

நரம்பு நோய்க்கு மஜ்ஜையை மாற்ற வேண்டும் என்று ஏன் தோன்றியது?

டி செல்கள் பிறப்பது மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்களிலிருந்துதான். தவறாகப் பழகிவிட்ட டி செல்களை ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டு, புதிய தலைமுறையை முதலிலிருந்து வளரவிட்டால் அவை மையலினைச் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளலாம். இதுதான் யோசனை.

இதைச் சோதிக்க ஈ.ஏ.ஈ. என்ற இன்னொரு நோய் மாதிரி கைவசம் இருந்தது. விலங்குக்கு மையலின் புரதத்தை ஊசி போட்டு, அதற்கு எதிராக எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவது அது. வைரஸ் எதுவும் இல்லை. ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையில் டிமிட்ரியோஸ் கருசிஸ், ஷிமோன் ஸ்லாவின், ஓடெட் அப்ராம்ஸ்கி ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் எஸ்.ஜே.எல். சுண்டெலிகளில் மஜ்ஜை மாற்று ஈ.ஏ.ஈ.யைத் தடுக்கவும் மறுதாக்குதலைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள்.

சிகாகோவில் ரிச்சர்ட் பர்ட், மில்லரோடு சேர்ந்து 1998-இல் ஒரு முக்கியமான கட்டுப்பாட்டைச் சொன்னார். நோய் உச்சத்தில் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் மஜ்ஜை மாற்றினால் ஈ.ஏ.ஈ. சுண்டெலிகள் நன்றாகத் தேறின. நாள்பட்ட கட்டத்தில் மாற்றினால், டி செல்களின் கோபம் அடங்கியது உண்மைதான், ஆனால் நடை திரும்பவில்லை. நரம்பு இழைகளே போய்விட்ட இடத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சரிசெய்து என்ன பயன்? என் பார்வையில் இந்த 1998 முடிவுக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. மனிதர்களில் யாருக்கு இந்தச் சிகிச்சை பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று இன்று சொல்வதற்கு அது அப்போதே வழி காட்டியது.

சரி, தைலர் வைரஸ் சுண்டெலியில் என்ன நடந்தது?

அடுத்த வருடமே பர்ட்டும் மில்லரும், நோய்த்திசு நிபுணர் மவுரோ டால் கான்டோ உள்ளிட்டவர்களோடு சேர்ந்து, தைலர் வைரஸால் மையலின் சிதைந்த சுண்டெலிகளில் அதே சிகிச்சையை முயன்றார்கள். ஈ.ஏ.ஈ.யில் வேலை செய்தது இங்கேயும் செய்யுமா என்பது கேள்வி.

செய்யவில்லை. நரம்புச் செயல்பாடு மோசமானது. இறப்பு அதிகம். மூளையிலும் தண்டுவடத்திலும் வைரஸ் பெருமளவில் பெருகியிருந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே 'அதீதத் தொற்று' என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்திருக்கும்போது, பாத்திரங்களை உருட்டுகிறது என்று கீரியை அடித்து விரட்டிய கதைதான். டி செல்கள் மையலினைச் சேதப்படுத்தியது உண்மை. ஆனால் அதே டி செல்கள்தான் வைரஸைக் குறைந்த அளவில் அடக்கியும் வைத்திருந்தன. கதிர்வீச்சு இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டது. புதிய மஜ்ஜை சில நாட்களில் வேர்பிடித்துவிடும், வெள்ளணுக்கள் இரண்டு மூன்று வாரத்தில் ஏறும். ஆனால் புதிய டி செல்கள் தைமஸ் சுரப்பியில் பயிற்சி முடித்து, வைரஸைச் சந்தித்து, பெருகி, மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். வைரஸுக்கு அவ்வளவு அவகாசம் தாராளம்.

இதை முன்பே ஊகித்திருக்க முடியாதா?

ஓரளவு முடிந்திருக்கும். 1976-இல் 'சயின்ஸ்' இதழில் லிப்டனும் டால் கான்டோவும் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. தைலர் வைரஸ் செலுத்திய சுண்டெலிகளுக்கு சைக்ளோபாஸ்பமைடும், டி செல்களை அழிக்கும் சீரமும் கொடுத்துப் பார்த்தார்கள். தண்டுவட அழற்சி குறைந்தது, மையலின் தப்பியது. ஆனால் ஆரம்பக் கட்ட மூளை அழற்சி தீவிரமானது. மையலின் சிதைவுக்கு எதிர்ப்புச் சக்தியே காரணம் என்பதற்கான முதல் வலுவான சான்றாக அந்தக் கட்டுரையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதன் மறுபாதி, எதிர்ப்புச் சக்தியை எடுத்துவிட்டால் வைரஸ் கொல்லும் என்பது, அவ்வளவாகப் பேசப்படவில்லை. டால் கான்டோ பெயர் இரண்டு கட்டுரையிலும் இருக்கிறது. அவருக்கு 1999 முடிவு பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் அந்தப் பரிசோதனை தேவைதான். 1976-இல் மருந்து கொடுத்தது தொற்றின் தொடக்கத்தில். 1999-இன் கேள்வி வேறு. நோய் முற்றி, தன்னுடல் தாக்குதலும் சேர்ந்துகொண்ட பிறகு வைரஸுக்கு இன்னும் பங்கு இருக்கிறதா, அல்லது அது பற்றவைத்துவிட்டு ஒதுங்கிவிட்டதா? ஒதுங்கியிருந்தால் மஜ்ஜை மாற்று பலித்திருக்கும். வைரஸ் கடைசிவரை களத்தில் இருக்கிறது என்பதைச் சுண்டெலிகள் தங்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லின.

நோய் வராத சுண்டெலியின் மஜ்ஜையைக் கொடுத்தால்?

நல்ல கேள்வி, இதன் ஒரு பகுதியைப் பிரான்சில் ஆராய்ந்தார்கள். நோக்கம் சிகிச்சை அல்ல, எதிர்ப்பாற்றல் எந்தச் செல்களில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எச்-2 மரபணு ஒன்றாகவே இருந்தும் ஓர் இனம் வைரஸை விரட்டுகிறது, இன்னோர் இனம் விரட்டுவதில்லை. அப்படியானால் வேறு மரபணுக்களும் வேலை செய்கின்றன. அவை மூளைச் செல்களில் செயல்படுகின்றனவா, ரத்தச் செல்களிலா? பாஸ்டர் நிறுவனத்தில் மிஷேல் பிராஹிக், ஜான்-பிரான்சுவா பியூரோ ஆகியோரின் குழு, ஓர் இனத்தின் மஜ்ஜையை மற்றோர் இனத்தில் வைத்து, அதன் பிறகு வைரஸைச் செலுத்திப் பார்த்தது. 2002-இல் வந்த முடிவு: எச்-2 அல்லாத அந்தக் கட்டுப்பாடு மஜ்ஜையிலிருந்து வரும் செல்களில் இருக்கிறது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் மஜ்ஜை, ரத்த மண்டலம் மீண்டும் உருவாக அவகாசம், அப்புறம்தான் வைரஸ். ஏற்கெனவே வைரஸ் குடியிருக்கும் சுண்டெலியில் நல்ல மஜ்ஜை வைத்தாலும் அந்த இடைவெளி வாரங்களைத் தாண்டியாக வேண்டும். இனம் மாறினால் தானச் செல்கள் ஏற்பவரின் உடலையே தாக்கும் அபாயம் வேறு.

மஜ்ஜையை மாற்றினால் மூளையின் மைக்ரோகிளியாவும் மாறிவிடுமா?

பெரும்பாலும் மாறாது. மைக்ரோகிளியா கருவின் ஆரம்ப நாட்களில் மஞ்சள் கருப் பையிலிருந்து மூளைக்குப் போய்க் குடியேறியவை என்று 2010-இல் புளோரன்ட் ஜின்ஹூ குழு காட்டியது. கதிர்வீச்சையும் ஓரளவு தாங்கிக்கொள்பவை. மஜ்ஜையிலிருந்து வந்த சில செல்கள் மைக்ரோகிளியா போல மூளையில் தென்படுவது உண்டு. ஆனால் தலையை மறைத்துக் கதிர்வீச்சு கொடுத்தபோது அவை வரவில்லை என்று 2007-இல் ஒரு ஜெர்மன் குழு கண்டது. கதிர்வீச்சே மூளையின் கதவைத் திறந்துவிடுகிறது என்று பொருள்.

தைலர் வைரஸுக்கு இதன் விளைவு நேரடியானது. வைரஸ் ஒளிந்திருக்கும் மைக்ரோகிளியாவும் ஒலிகோடென்ட்ரோசைட்டும் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் அங்கேயே இருக்கின்றன. காவல் மட்டும்தான் போகிறது.

வேறு வைரஸ் மாதிரிகளிலும் இப்படியா?

ஜே.எச்.எம். என்ற சுண்டெலிக் கொரோனா வைரஸ் இன்னொரு பழைய மாதிரி. (ஆமாம், கோவிட் வைரஸின் தூரத்து உறவு. 2020-க்கு முன்பே இதை வைத்து வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.) கதிர்வீச்சு கொடுத்த சுண்டெலிக்கு இந்த வைரஸைச் செலுத்தினால் வைரஸ் பெருகும், ஆனால் மையலின் அதிகம் சிதையாது. அதே சுண்டெலிக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற மண்ணீரல் செல்களைக் கொடுத்தால் மையலின் சிதையத் தொடங்கிவிடும். 1990-இல் வெளிவந்த இந்த முடிவும் தைலர் கதையோடு ஒத்துப்போகிறது.

இதே ஜே.எச்.எம். சுண்டெலிகளில் மஜ்ஜைக்குப் பதில் நரம்பு முன்னோடிச் செல்களைத் தண்டுவடத்தில் வைத்துப் பார்த்தார் தாமஸ் லேன். 2014-இல் வந்த ஆய்வில், மனித நரம்பு முன்னோடிச் செல்கள் ஒரு வாரம் போல இருந்துவிட்டு நிராகரிக்கப்பட்டு மறைந்துவிட்டன. ஆனால் சுண்டெலிகளின் நடையில் வந்த முன்னேற்றம் மாதக்கணக்கில் நீடித்தது. எதிர்ப்புச் சக்தியை முழுக்க அழிக்காமல் அதன் போக்கை மட்டும் மாற்றும் வழி இது. வைரஸ் நோய்க்கு இந்தத் திசையே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியென்றால் மனிதர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆபத்தா?

சுண்டெலி முடிவு அப்படியே மனிதருக்குப் பொருந்தவில்லை. 1997-இல் கிரீஸின் தெஸ்ஸலோனிகியில் அத்தனாசியோஸ் பாசாஸ் குழு, எம்.எஸ். முற்றிய நோயாளிகள் 15 பேருக்குச் சொந்த ஸ்டெம் செல் மாற்று செய்த முதல் அனுபவத்தை வெளியிட்டது. ஆரம்ப வருடங்களில் ஆபத்து இருக்கத்தான் செய்தது. 1995 முதல் 2006 வரை சிகிச்சை பெற்ற 281 பேரைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில் 8 பேர் முதல் 100 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள்.

2019-இல் வெளிவந்த மிஸ்ட் என்ற ஆய்வை நடத்தியவர் யார் தெரியுமா? தைலர் சுண்டெலிகளில் கைசுட்ட அதே ரிச்சர்ட் பர்ட். சிகாகோ, ஷெஃபீல்டு, உப்சாலா, சாவோ பாவ்லோ ஆகிய இடங்களில் 110 பேர். வந்து வந்து போகும் வகை எம்.எஸ். உள்ளவர்கள், மருந்து எடுத்தும் தாக்குதல் நிற்காதவர்கள். மஜ்ஜையை அடியோடு அழிக்காத மிதமான முறை. மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 3 பேருக்கும், மருந்தில் தொடர்ந்தவர்களில் 34 பேருக்கும் நோய் முற்றியது. யாரும் இறக்கவில்லை.

இதை வைத்து, எம்.எஸ்.ஸில் வைரஸுக்கு வேலையே இல்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம். தைலர் வைரஸ் போல மூளைக்குள் உட்கார்ந்து செல்களை உடைத்துப் பெருகும் வைரஸ் எம்.எஸ். நோயாளிகளின் மூளையில் பெருமளவில் இருந்திருந்தால், எதிர்ப்புச் சக்தியை அழித்த உடனே அது வெளிப்பட்டிருக்கும். அவ்வளவைத்தான் இந்த முடிவுகள் சொல்ல முடியும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்கிறார்களே?

2022-இல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளையும் சேமித்த ரத்த மாதிரிகளையும் வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. இந்த வைரஸ் பெரும்பாலும் வசிப்பது எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்களில். பி செல்கள் ரத்தச் செல்கள், மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மருந்துகள் அவற்றையும் கொல்லும்.

தைலர் வைரஸின் வீடு மூளைச் செல்கள், சிகிச்சை அந்த வீட்டைத் தொடுவதில்லை. எப்ஸ்டீன்-பாரின் வீடு பி செல், சிகிச்சை அதைப் பெரிதாகக் கலைக்கிறது. ஆகவே வைரஸ் காரணம் என்ற கருத்தும், ஸ்டெம் செல் மாற்று பலிக்கிறது என்ற உண்மையும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை. வைரஸ் எங்கே வசிக்கிறது என்பதைக் கேட்காமல் 'வைரஸா, தன்னுடல் தாக்குதலா' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். ஆனாலும் மாற்றுக்குப் பிறகு எப்ஸ்டீன்-பார் மறுபடி தலைதூக்குவது உண்டு, அதற்காகவே மருத்துவர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

தைலர் சுண்டெலிக்கு நேர்ந்தது போல மனிதருக்கு எங்காவது நேர்ந்ததா?

நேர்ந்தது, ஆனால் மஜ்ஜை மாற்றில் அல்ல. நடாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து டி செல்களை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கும். 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம் பி.எம்.எல். என்ற மூளை நோய். பெரும்பாலான மனிதர்களின் உடலில் சும்மா கிடக்கும் ஜே.சி. வைரஸ், காவல் இல்லாத மூளையில் புகுந்து ஒலிகோடென்ட்ரோசைட்டுகளை அழித்துவிடுகிறது. மையலின் சிதைவுக்குக் கொடுத்த மருந்தே வைரஸ் வழியாக மையலின் சிதைவை உண்டாக்கியது. 2006-இல் கடுமையான கண்காணிப்போடு மருந்து திரும்ப வந்தது. இன்று ஜே.சி. வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

'ஸ்டெம் செல் ஊசி' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவர்கள் பெரும்பாலும் கொடுப்பது கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த மீசன்கைமல் செல்கள். இங்கே பேசியது ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்கள். இதில் நோயைத் தணிப்பது அதற்கு முன் கொடுக்கும் கதிர்வீச்சோ கீமோவோதான். செல்கள், அந்த அடியிலிருந்து உயிர் பிழைக்க வைப்பவை. கீமோ இல்லாமல், ஒரே நாளில், வலியில்லாமல் எம்.எஸ். போகும் என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எம்.எஸ். இருக்கிறது. மாற்றுச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

என் நோய் இப்போது அழற்சியோடு தீவிரமாக இருக்கிறதா, அல்லது நரம்பு இழப்பால் மெதுவாக இறங்கும் கட்டமா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் புதிதாக ஒளிரும் புள்ளிகள் இருப்பதும் இல்லாததும் இதில் முக்கியம். எந்த மருந்து முறையைப் பயன்படுத்துவார்கள், அந்த மையத்தில் இந்த நோய்க்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உறங்கிக்கிடக்கும் தொற்றுகளுக்கு என்னென்ன பரிசோதனை செய்வார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். நம் ஊர்களில் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தைலர் வைரஸ் மனிதருக்குத் தொற்றுமா?

அது சுண்டெலி வைரஸ், வீட்டில் எலி இருக்கிறது என்று இதற்காகப் பயப்பட வேண்டாம். எலிக்காய்ச்சலுக்குப் பயப்படுங்கள், அது வேறு கிருமி. ஆனால் மனிதர்களுக்கும் கார்டியோ வைரஸ் கிளையில் ஒரு வைரஸ் உண்டு. 1981-இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தையிடமிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியில் கண்டுபிடித்து, 2007-இல் சாபோல்டு வைரஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். உலகின் பல பகுதிகளில் சிறு வயதிலேயே பெரும்பாலானவர்களுக்குத் தொற்றிச் சென்றுவிடுகிறது. அதற்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை.